சுண்டுவிரல் நகத்தில் ஒரு ரயில்

வில்லியனூரை விட்டு மேற்கே போகப் போகத் தண்டவாளத்தின் இரண்டு பக்கமும் வயல்தான். சில இடங்களில் ஒரு பக்கம் ஊர், மறுபக்கம் நிலம், நடுவில் ரயில் மேடு. கேட் இருக்கும் இடத்துக்குச் சுற்றிப்போனால் கால்மணி நேர நடை. மேட்டில் ஏறி இறங்கினால் இரண்டு நிமிடம். ஆகவே மேட்டுச் சரிவில் புல் தேய்ந்து ஓர் ஒற்றையடிப் பாதை விழுந்திருக்கும். எந்த வரைபடத்திலும் அது கிடையாது. ஊரில் சின்னப் பிள்ளைக்குக்கூட அது தெரியும்.

ஒரு நாள் பிற்பகல் அப்படியொரு பாதையில் ஓர் அம்மா தலையில் பில்லுக்கட்டோடு ஏறி வந்தார். ஜல்லியில் கால் வைக்குமுன் நின்றார். ஒரு கையால் கட்டைப் பிடித்துக்கொண்டு விழுப்புரம் பக்கம் பார்த்தார். பிறகு புதுச்சேரி பக்கம் பார்த்தார். தலையில் கட்டு இருந்தால் கழுத்தை மட்டும் திருப்ப முடியாது, ஆளே திரும்ப வேண்டும். திரும்பினார். ஒரு கணம் காதையும் கொடுத்தார். அப்புறம்தான் தாண்டினார்.

"திடீர்னு வண்டி வந்துட்டா என்னம்மா பண்ணுவீங்க?" என்று கேட்டேன்.

"வந்தா தெரியாதா தம்பி? கண்ணு இருக்கு, காது இருக்கு. நான் வாக்கப்பட்டு வந்த நாளா இந்த வழிதான்."

அவரை அசட்டையானவர் என்று என்னால் சொல்ல முடியவில்லை. நின்றார், பார்த்தார், கேட்டார். பள்ளிக்கூடத்தில் நமக்குச் சொல்லிக்கொடுத்ததும் அதுதானே? "வந்தா தெரியாதா?" என்ற அவருடைய கேள்விக்குப் பதில் தேடித்தான் இந்த அத்தியாயம். தெரியும். ஆனால் எப்போது தெரியும் என்பதில்தான் சிக்கல்.

விழுப்புரம்–புதுச்சேரி ரயில்பாதை போடப்பட்டது 1879இல். புதுச்சேரி பிரெஞ்சுக்காரர்களிடம் இருந்த காலம். 38 கி.மீ. நீளம், மீட்டர் கேஜ், ஒற்றைப் பாதை. விழுப்புரத்தை விட்டால் வளவனூர், சின்னபாபுசமுத்திரம், வில்லியனூர், அப்புறம் புதுவை ரயிலடி. இந்தப் பாதையில் ஒரு விசேஷம் உண்டு. ஏறக்குறைய நூல் பிடித்ததுபோல் மேற்கிலிருந்து கிழக்கே போகிறது. கொஞ்ச நேரத்தில் அந்தத் திசைக் கணக்கு நமக்குத் தேவைப்படும். 2004இல் மீட்டர் கேஜ் போய் அகலப்பாதை வந்தது. பிற்பாடு மேலே மின்கம்பியும் வந்தது. புதுச்சேரிக்குத் தெற்கே, பாகூர் கொம்யூனுக்குள் தண்டவாளமே கிடையாது. பாகூர்க்காரர்களுக்கு ரயில் என்றால் கடலூர்தான். ஆனால் தெற்கே கடலூருக்குப் போய் இறங்கினாலும் அதே ஜல்லி, அதே குறுக்குப்பாதை, அதே நம்பிக்கை.

முதலில் கண்ணை எடுத்துக்கொள்வோம்.

கையை நேராக நீட்டி, சுண்டுவிரல் நகத்தை ஒரு கண்ணால் பாருங்கள். நகம் ஒரு சென்டிமீட்டர் அகலம், கண்ணிலிருந்து அறுபது சென்டிமீட்டர் தூரம் என்று வைத்துக்கொள்ளலாம். அந்த நகம் முழுநிலவை மறைத்துவிட்டு, இன்னொரு நிலவுக்கும் இடம் வைத்திருக்கும். சந்தேகம் இருந்தால் அடுத்த பௌர்ணமிக்கு மாடியில் ஏறிப் பார்த்துக்கொள்ளுங்கள். வானத்தில் அவ்வளவு பெரிதாகத் தெரியும் நிலவு கண்ணுக்குள் எடுத்துக்கொள்ளும் இடம் அரை நகம்தான்.

இப்போது அந்த நகத்தை ரயிலுக்கு நேரே பிடிப்போம். இன்றைய ரயில்பெட்டியின் அகலம் 3.25 மீட்டர். வண்டி மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் வருகிறது என்று கணக்குக்கு வைத்துக்கொள்வோம், அதாவது விநாடிக்கு 28 மீட்டர். ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் வரும்போது அதன் முகப்பு நகத்தின்மேல் 2 மி.மீ. கோடு. 500 மீட்டருக்கு வந்தால் 4 மி.மீ. இதற்குள் 18 விநாடி ஓடிவிட்டது. பதினெட்டு விநாடியில் வளர்ந்தது வெறும் 2 மி.மீ.! சுமார் 360 மீட்டரில் அது நிலவளவு ஆகிறது. அப்போது நம்மிடம் எஞ்சியிருப்பது 13 விநாடி. 200 மீட்டரில் நகத்தை நிரப்புகிறது. எஞ்சியது 7 விநாடி. அதற்குப் பிறகுதான் கூத்து. 100 மீட்டரில் இரண்டு நகம், 50 மீட்டரில் நான்கு, 25 மீட்டரில் எட்டு, அப்புறம் வானமே ரயில்.

தூரம் பாதியானால் உருவம் இரட்டிப்பாகும். இதுதான் முழுக் கணக்கும். தூரத்தில் இருக்கும்வரை அது 'வருவது' தெரியாது, 'இருப்பது'தான் தெரியும். நம்மை நோக்கி நேராக வரும் பொருள் இடமோ வலமோ நகராது. அது பெரிதாவதை வைத்துத்தான் மூளை வேகத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். பெரிதாகும் விகிதம் ஓர் அளவைத் தாண்டினால்தான் மூளை அதைக் கவனிக்கவே செய்யும். சாலைப் பாதுகாப்பு ஆய்வாளர்கள் அதற்கு வழக்கமாக வைக்கும் அளவு விநாடிக்கு 0.003 ரேடியன். நம் ரயில் அந்த அளவைத் தொடுவது ஏறத்தாழ 170 மீட்டர் தூரத்தில். "அய்யோ, வேகமா வருதே" என்று கண் சொல்லும்போது கையில் இருப்பது 6 விநாடி.

தாண்டுவதற்கு எத்தனை விநாடி வேண்டும்? ஜல்லியின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு, வண்டியின் மேனி உரசாத தூரத்துக்கு, ஆறு மீட்டராவது நடக்க வேண்டும். வெறுங்கையோடு தார்ச்சாலையில் அது ஐந்து விநாடி. ஜல்லி காலுக்கடியில் புரளும். தண்டவாளம் இரண்டையும் காலைத் தூக்கித் தாண்ட வேண்டும். தலையில் கட்டு, காலைச் சுற்றும் புடவை, கையில் கயிறு, கயிற்றின் மறுமுனையில் வர மறுக்கும் கன்றுக்குட்டி. ஏழு விநாடி, எட்டு விநாடி. அந்த அம்மாவின் கண் பழுதில்லை, கணக்குதான் இடிக்கிறது.

இதற்குமேல் கண் இன்னொரு பொய்யும் சொல்கிறது. அமெரிக்க உளவியலாளர் ஹெர்ஷல் லெய்போவிட்ஸ் 1985இல் ரயில்வே கேட் விபத்துகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். பெரிய பொருள் சிறிய பொருளைவிட மெதுவாக நகர்வதுபோல் தோன்றும் என்பது அதில் அவர் சொன்ன கருத்து. விமான நிலையத்தில் பார்த்தால் தெரியும்: பெரிய ஜம்போ விமானம் ஏதோ மிதந்து வருவதுபோல் இறங்கும், சின்ன ஜெட் விறுவிறுவென்று இறங்கும். வேகம் கிட்டத்தட்ட ஒன்றுதான். நியூசிலாந்தின் வைக்காட்டோ பல்கலைக்கழகத்தில் ஹெலன் கிளார்க், ஜான் பெரோன், ராபர்ட் ஐஸ்லர் ஆகிய மூவரும் இதைக் கணினித் திரையில் சோதித்து 2013இல் வெளியிட்டார்கள். காரையும் ரயிலையும் ஒரே வேகத்தில் வரவிட்டபோதும், பார்த்தவர்களுக்கு ரயில்தான் மெதுவாக வருவதாகப் பட்டது. யானை அசைந்து வருகிறது, எலி ஓடுகிறது என்று நாம் பேசுவதற்குள்ளும் இந்த மயக்கம் கொஞ்சம் ஒளிந்திருக்கிறதோ என்னவோ. யானை ஓடினால் மனிதனால் தப்ப முடியாது.

சரி, கண் போகட்டும். காது?

என் கணிப்பில் காதை நம்பித்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். ஏனென்றால் அந்த நம்பிக்கைக்கு ஆதாரம் இருக்கிறது. நடுராத்திரியில் விழித்துக்கொண்டால், தண்டவாளத்திலிருந்து இரண்டு மூன்று கிலோமீட்டர் தள்ளியிருக்கும் வீட்டுக்குக்கூட ரயில் ஊதுவது காதருகே ஊதுவதுபோல் கேட்கும். 'அவ்வளவு தூரத்துக்கே கேட்கிற வண்டி, பக்கத்தில் வந்தால் கேட்காமலா போகும்?' நியாயமான கேள்வி. ஆனால் ராத்திரிக் காற்று வேறு, பகல் காற்று வேறு.

இரட்டை மாட்டு வண்டியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு மாடு சோர்ந்தால் வண்டி அந்த மாட்டின் பக்கமே திரும்பும். ஒலி அலைக்கும் இதே குணம். அலையின் மேல்பகுதி ஒரு மாடு, கீழ்பகுதி ஒரு மாடு. சூடான காற்றில் ஒலி விரைவாகவும் குளிர்ந்த காற்றில் மெதுவாகவும் போகும். ராத்திரியில் தரை குளிர்ந்து, மேலே காற்று கதகதப்பாக இருக்கும். மேல்மாடு முந்தும், அலை தரைப் பக்கம் வளைந்து இறங்கும். தூரத்து ஊதல் நம் வாசலுக்கே வந்துவிடும். பகலில் எல்லாம் தலைகீழ். வெயிலில் தரை கொதிக்கும், கீழ்மாடு முந்தும், மேல்மாடு பின்தங்கும், அலை மேல்நோக்கி வளைந்து நம் தலைக்கு மேலே போய்விடும். கீழே நிற்பவர் ஒலியின் நிழலில் நிற்கிறார். வெளிச்சத்துக்கு நிழல் இருப்பதுபோல் சத்தத்துக்கும் நிழல் உண்டு. கண்ணுக்குத் தெரியாத நிழல், அவ்வளவுதான்.

இதில் புதுச்சேரியின் கடல்காற்று வந்து சேர்கிறது. கோடையில் மதியவாக்கில் கிழக்கேயிருந்து காற்று எழும்பி வில்லியனூரையும் தாண்டி உள்ளே போகும். புழுக்கத்துக்கு நல்ல மருந்து. ஆனால் பாதை மேற்கு–கிழக்கு. விழுப்புரத்திலிருந்து வரும் வண்டி அந்தக் காற்றை எதிர்த்து வருகிறது, அதன் சத்தமும் எதிர்த்துத்தான் வர வேண்டும். காற்று தரையோடு உரசுவதால் கீழே மெதுவாகவும் மேலே வேகமாகவும் வீசும். எதிர்த்து வரும் ஒலியலையின் மேல்மாட்டுக்குத்தான் அடி அதிகம். அலை மறுபடியும் மேலே திரும்புகிறது. வெயில் ஒருபக்கம், கடல்காற்று ஒருபக்கம், இரண்டும் சேர்ந்து வண்டியின் சத்தத்தை வானத்துக்கு அனுப்பிவிடுகின்றன. அந்த அம்மா காதைக் கொடுத்த நேரம் சரியாக இந்த நேரம். ஆடி மாதக் காலையில் மேல்காற்று வீசும்போது அதே வண்டி அதே இடத்தில் வெகு தூரத்திலேயே கேட்டிருக்கும். ஆக, 'எனக்கு எப்பவும் கேட்கும்' என்ற அனுபவத்தில் பொய் இல்லை, 'எப்பவும்' என்ற சொல்லில்தான் பொய்.

வண்டியும் பழைய வண்டி இல்லை. ஊரின் மூத்தவர்களுக்குக் கரி எஞ்சின் நினைவிருக்கும். வயலுக்கு அப்பால் புகை எழும்புவதைப் பார்த்தே வண்டி எங்கே வருகிறது என்று சொல்லிவிடலாம். புஸ்புஸ் என்ற மூச்சு வேறு. பிறகு வந்த டீசல் எஞ்சின் உறுமியது. மெமு வண்டியும் மின் எஞ்சினும் ஏறக்குறைய சத்தமில்லாமல் வந்துவிடுகின்றன. தண்டவாளமும் மாறிவிட்டது. அந்தக் காலத்தில் மீட்டர் கேஜில் 12 மீட்டருக்கு ஒரு இணைப்பு இருக்கும், ஒவ்வொரு இடைவெளியிலும் சக்கரம் தட்டி 'தடக் தடக்' என்று தாளம் போடும். ரயில் என்றாலே குழந்தைகள் அந்தத் தாளத்தைத்தான் சொல்லிக்காட்டும். இப்போது தண்டவாளங்களை நீள நீளமாகப் பற்றவைத்துவிடுகிறார்கள். பயணிக்குத் தூக்கம் நன்றாக வரும். பாதையில் நிற்பவருக்கு ஒரு முன்னறிவிப்பு போயிற்று. மிச்சமிருக்கும் சக்கரச் சத்தமும் பெரும்பாலும் பக்கவாட்டில்தான் பரவுகிறது. வண்டிக்கு நேர் எதிரே நிற்பவருக்குத்தான் அது ஆகக் குறைவாகக் கேட்கும்.

சிறு வயதில் தண்டவாளத்தில் காதை வைத்துக் கேட்டிருப்பீர்கள். எஃகில் ஒலி விநாடிக்கு 5 கிலோமீட்டர் ஓடும், காற்றில் 350 மீட்டர்தான். எனவே அது வெறும் சினிமாக் கதை இல்லை, உண்மையிலேயே முன்னால் கேட்கும். ஆனால் எவ்வளவு தூரத்தில் என்று அந்த ரீங்காரம் சொல்லாது. தலையைத் தண்டவாளத்தில் வைத்துக்கொண்டு செய்ய வேண்டிய கணக்கும் அது இல்லை.

தாண்டாமல் சும்மா ஓரத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் தனிரகம். சாயங்காலம் தண்டவாளத்து ஓரம் காற்று வாங்குவது, போன் பேசுவது, சீட்டாடுவது. 'நான் லைன்மேலயா உக்காந்திருக்கேன், கட்டை முனையிலதானே' என்பார்கள். அளந்து பார்க்க வேண்டிய இடம் இது. அகலப்பாதையில் இரண்டு தண்டவாளங்களுக்கும் இடையே 1.676 மீட்டர். கான்கிரீட் சிலீப்பர் கட்டையின் நீளம் 2.75 மீட்டர். பெட்டியின் அகலம் 3.25 மீட்டர். அதாவது பெட்டி கட்டையைவிட அகலம். கட்டை முனையிலிருந்து இன்னும் ஒரு சாண் வெளியே நீட்டிக்கொண்டுதான் வண்டி வருகிறது. கட்டை முனையில் உட்கார்ந்திருப்பவர் வண்டியின் வழியில்தான் உட்கார்ந்திருக்கிறார். மீட்டர் கேஜ் பெட்டியின் அகலம் 2.74 மீட்டர்தான். தாத்தா நின்று வேடிக்கை பார்த்த அதே இடத்தில் பேரன் நின்றால், தாத்தாவை விட்டுப்போன வண்டி பேரனை விடாது.

'டிரைவர் பார்த்து நிறுத்த மாட்டாரா?' என்பார்கள். வில்லியனூர்க்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம். திருக்காமீஸ்வரர் கோயில் தேரோட்டம் பார்க்காதவர் அங்கே யார்? வடத்தை விட்டதும் தேர் நின்றுவிடுகிறதா? சக்கரத்துக்கடியில் முட்டுக்கட்டை கொடுக்க ஆள் ஓடுகிறார். கொடுத்த கட்டை கிறீச்சிட்டு நசுங்குகிறது. அப்புறமும் தேர் ஒரு முழம் நகர்ந்துதான் நிற்கும். அது மனிதன் நடக்கும் வேகத்தில் போகிற தேர்.

டபிள்யூ.ஏ.பி.-7 ரக மின் எஞ்சின் மட்டுமே 123 டன். ஒரு பெட்டி காலியாகவே 40 டன்னுக்குப் பக்கம். இருபது பெட்டிகளோடு, ஆட்களோடு, மூட்டை முடிச்சுகளோடு சேர்த்தால் ஆயிரம் டன் போய்விடும். இந்த ஆயிரம் டன்னும் தண்டவாளத்தைத் தொடும் இடம் எவ்வளவு? சக்கரமும் எஃகு, தண்டவாளமும் எஃகு. இரண்டும் ஒட்டுகிற பரப்பு ஒவ்வொரு சக்கரத்துக்கும் மறுபடியும் அதே சுண்டுவிரல் நகம்தான். எஃகின்மேல் எஃகு உருள்வதால்தான் ரயில் குறைந்த செலவில் அவ்வளவு சுமையை இழுக்கிறது. அதே காரணத்தால்தான் நிற்கவும் மாட்டேன் என்கிறது. ரப்பர் டயர் தார்ச்சாலையைப் பிடிக்கிற பிடியில் பாதிகூட இங்கே கிடைக்காது. மழை தூறிவிட்டால் இன்னும் குறையும். 100 கி.மீ. வேகத்தில் அவசர பிரேக் போட்டால் முக்கால் கிலோமீட்டருக்குக் குறையாமல், சில வேளை ஒரு கிலோமீட்டர்வரை ஓடித்தான் வண்டி நிற்கும். முக்கால் கிலோமீட்டருக்கு அப்பால் நிற்கிற ஆளை எஞ்சினில் இருப்பவர் எப்படிப் பார்ப்பார்? நமக்கு அவர் வண்டி ஒரு கோடு, அவருக்கு நாம் ஒரு புள்ளி. அது ஆளா, ஆடா, நட்டு வைத்த கல்லா என்று தெரிவதற்குள் பிரேக் போடும் தூரம் கடந்துவிடுகிறது. மிச்சம் இருப்பது ஹார்ன் மட்டும். லோகோ பைலட் கையை அதன்மேல் வைத்துக்கொண்டு, நடக்கப்போவதைக் கண் திறந்து பார்த்துக்கொண்டே வர வேண்டும். வண்டி கடைசியில் நின்று, அவர் ஸ்டேஷனுக்குத் தகவல் சொல்லி, மறுபடியும் அதே கையால் அதே வண்டியைக் கிளப்ப வேண்டும்.

அந்த ஹார்னிலும் ஒரு நுணுக்கம். லெவல் கிராசிங்குக்கு 600 மீட்டர் முன்னால் பாதையோரம் ஊதல் பலகை நட்டிருப்பார்கள். அங்கே வந்ததும் ஊத வேண்டும் என்பது விதி. பலகை இருப்பது கேட்டுக்காக. தேய்ந்த புல்லில் உண்டான பாதைக்குப் பலகை கிடையாது.

ஆடு மேய்ப்பவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். ரயில் மேட்டில் வேம்பும் வேலமும் செழித்திருக்கும். தொரட்டியால் ஒரு கொத்து இழுத்துப்போட்டால் ஆடுகளுக்கு விருந்து. தண்டவாளத்துக்கு மேலே சுமார் ஐந்தரை மீட்டர் உயரத்தில் ஓடும் கம்பியில் 25,000 வோல்ட். வீட்டு மின்சாரத்தைப்போல் நூறு மடங்குக்கும் மேல். இந்த அழுத்தத்தில் மின்சாரம் கம்பியைத் தொட்டால்தான் பாயும் என்றில்லை, நெருங்கினாலே காற்றைக் கிழித்துக்கொண்டு தாவும். அதனால்தான் இரண்டு மீட்டருக்குள் எதையும் கொண்டுபோகக் கூடாது என்கிறார்கள். பச்சை மூங்கில், அதுவும் மழையில் நனைந்த மூங்கில், முனையில் இரும்பு அரிவாள். கீழே ஆள் ஜல்லியில் நிற்கிறார். நின்ற சரக்கு வண்டியின்மேல் ஏறி செல்பி எடுக்கிற பையன்களுக்கும் இதே கதைதான். வண்டி ஓடவே வேண்டாம்.

இவ்வளவும் உடம்பின் குறை. மனசின் குறை ஒன்று இருக்கிறது, அது பழக்கம். மும்பையைப்போல் மூன்று நிமிடத்துக்கொரு வண்டி வந்தால் யாரும் அசந்திருக்க மாட்டார்கள். வில்லியனூர் வழியே ஒரு நாளில் போகும் வண்டிகளை விரல்விட்டு எண்ணலாம். ஊரே கால அட்டவணையை மனப்பாடம் செய்து வைத்திருக்கிறது. 'திருப்பதி வண்டி போயாச்சு, இனிமே சாயங்காலந்தான்.' ஆனால் புதுதில்லி, ஹவுரா, கன்னியாகுமரி, புவனேசுவரம் என்று வாரம் ஒருமுறை மட்டும் தலைகாட்டும் வண்டிகளும் இந்தப் பாதையில்தான் போகின்றன. தனி எஞ்சின் வரும், சோதனை வண்டி வரும், காலையில் வரவேண்டியது தாமதமாகி மதியம் வரும். ஆறு நாள் சரியாக இருந்த மனப்பாடம் ஏழாம் நாள் தவறும். ஒவ்வொரு முறை பத்திரமாகத் தாண்டும்போதும் மூளை 'பார்த்தாயா, ஒன்றும் ஆகவில்லை' என்று ஒரு புள்ளி சேர்த்துக்கொள்கிறது. தவறான விடைக்கு யாரும் திருத்திச் சொல்லாத பரீட்சை இது.

நாடு முழுக்க இதன் கூட்டுத்தொகை என்ன? அணுசக்தி விஞ்ஞானி அனில் ககோட்கர் தலைமையில் அமைந்த ரயில்வே பாதுகாப்புக் குழு 2012இல் அறிக்கை தந்தது. தண்டவாளத்தில் அத்துமீறி நடப்பதால் ஆண்டுக்கு ஏறக்குறைய 15,000 பேர் சாகிறார்கள், அவர்களில் சுமார் 6,000 பேர் மும்பைப் புறநகர்ப் பாதைகளில் மட்டும் என்றது. படுகொலை என்ற சொல்லையே அந்த அறிக்கை பயன்படுத்தியது. அரசு அறிக்கைகளில் அபூர்வமாகத்தான் இப்படியொரு சொல் வரும். தடம்புரண்டு சாகிறவர்கள் முதல் பக்கச் செய்தி, தண்டவாளத்தில் சாகிறவர்கள் உள்பக்கத்தில் நான்கு வரி.

சட்டம் என்ன சொல்கிறது என்றால், 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 147ஆம் பிரிவு: ரயில்வே இடத்தில் அத்துமீறி நுழைந்தால் ஆறு மாதம்வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும். நான் அறிந்தவரை பில்லுக்கட்டு சுமக்கிறவர் யாரும் இந்தப் பிரிவுக்குப் பயந்து சுற்றிப்போனதில்லை. சுற்றிப்போகிற வழி எப்படி இருக்கிறது என்பதையும் கேட்க வேண்டுமே. ஆளில்லா லெவல் கிராசிங்குகள் அகலப்பாதைகளில் 2019 தொடக்கத்துக்குள் ஒழிக்கப்பட்டன. நல்ல காரியம். பல இடங்களில் அதற்குப் பதிலாகத் தண்டவாளத்துக்கு அடியில் சுரங்கப்பாதை வந்தது. ஐப்பசி, கார்த்திகையில் போய்ப் பாருங்கள். சில சுரங்கப்பாதைகளில் முழங்காலளவு தண்ணீர் நிற்கும், மோட்டார் ஓடாது. மேலே மழையில் நனைந்த தண்டவாளம். ஜனம் எந்த வழியில் போகும்? தண்ணீர் இறைக்கிற மோட்டாரும் உயிர் காக்கிற கருவிதான் என்று பொறியாளர்கள் யாராவது கோப்பில் எழுதிவைத்தால் தேவலாம்.

கேட்டே இருந்தாலும் மனிதக் கணிப்பை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதைப் பாகூருக்குத் தெற்கே, கடலூர் மாவட்டம் செம்மங்குப்பத்தில் 2025 ஜூலை 8 காலையில் கண்டோம். பள்ளி வேன்மீது ரயில் மோதி மூன்று மாணவர்கள் இறந்தார்கள். அந்த கேட் சிக்னலோடு இணைக்கப்படாத கேட். இணைப்பு இருந்தால் கேட்டை மூடாதவரை வண்டிக்குப் பச்சை விழாது. கண், காது, ஞாபகம், தொலைபேசிப் பேச்சு எதையும் நம்பாத ஏற்பாடு அது. எந்திரத்துக்குப் பூட்டு போட்டுவிட்டு மனிதனை மறக்க அனுமதிப்பது.

மும்பை வடாலாவில் இதற்கு நேர்மாறான ஒரு சோதனை நடந்தது. 2009–10இல் ஃபைனல் மைல் என்ற நடத்தை ஆலோசனை நிறுவனம், அங்கே தாண்டுகிறவர்களின் கண்ணையும் காதையும் திருத்தப் பார்த்தது. லெய்போவிட்ஸ் சொன்ன மயக்கம் நினைவிருக்கிறதா? சிலீப்பர் கட்டைகளில் சிலவற்றுக்கு மஞ்சள் பூசினார்கள். வண்டி மஞ்சள் கோடுகளை ஒவ்வொன்றாக விழுங்கிக்கொண்டு வரும்போது அதன் வேகம் கண்ணுக்குப் பிடிபடும். ஒரே நீளமாக ஊதுவதற்குப் பதில் இரண்டு துண்டாக, நடுவில் சிறு இடைவெளி விட்டு ஊதச் சொன்னார்கள். மௌனத்துக்குப் பின் வரும் சத்தத்துக்குத்தான் மூளை துள்ளும். 'தாண்டாதீர்' என்ற பலகைக்குப் பதில், வண்டி மோதப்போகும் கணத்தில் ஒரு மனிதனின் முகம் எப்படி இருக்கும் என்று பெரிய படங்கள் வைத்தார்கள். இறப்பு கணிசமாகக் குறைந்தது. செலவு? கொஞ்சம் மஞ்சள் பெயின்ட், சில பலகைகள்.

யானைகளுக்கு நாம் இன்னும் தாராளம். கோவை மதுக்கரை அருகே 2021 நவம்பரில் மூன்று யானைகள் ரயில் மோதி இறந்தன. 2024இலிருந்து அங்கே கோபுரங்களில் வெப்பக் கேமராக்கள் நின்று, செயற்கை நுண்ணறிவு யானையை அடையாளம் கண்டு, லோகோ பைலட்டுக்கு முன்கூட்டியே தகவல் போகிறது. யானை வழக்கமாக எங்கே கடக்கிறது என்று பார்த்து, அந்த இடத்தில் கருவியை நட்டார்கள். அத்துமீறல் என்று யாரும் அதன்மேல் வழக்குப் போடவில்லை. பொறாமையாக இருக்கிறது என்று சொன்னால் தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். புல் தேய்ந்த பாதைகள்தாம் ஊர் தானே வரைந்துகொடுத்த வரைபடம். எங்கே சுரங்கப்பாதை வேண்டும், எங்கே படிக்கட்டு வேண்டும் என்பதற்கு அதைவிட நல்ல ஆய்வு கிடைக்காது.

இந்த அத்தியாயத்தை எழுதும்போது ஒரு பையனைக் கூட்டிக்கொண்டு ஒரு ரயில்வே கேட்டுக்குப் போனேன். ஏழாம் வகுப்பு. கேட் இறங்கி மூடிவிட்டது. இந்தப் பக்கம் பைக்குகள், ஒரு டிராக்டர், பால் கேனோடு ஒரு சைக்கிள். கேட்டுக்கு வெளியிலேயே, தண்டவாளம் நீளமாகத் தெரிகிற இடத்தில் அவனை நிறுத்தினேன். கையை நீட்டி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, சுண்டுவிரலை நிமிர்த்தினான். பக்கத்தில் நின்ற டிராக்டர்க்காரர் என்னடா பூஜை இது என்பதுபோல் பார்த்தார். மேற்கே ஒரு வெளிச்சப் புள்ளி. வெகுநேரம் அது புள்ளியாகவே இருந்தது. "வரவே இல்லயே சார், நிக்குது போல" என்றான். நகத்தைவிடப் பெரிதானதும் வாய்விட்டு எண்ணச் சொல்லியிருந்தேன்.

"ஒண்ணு," என்றான், "ரெண்டு, மூணு..." சட்டென்று நிறுத்தி கையை இறக்கி ஓரடி பின்னால் வந்தான். வண்டி கேட்டைத் தாண்டிக்கொண்டிருந்தது. அவன் சட்டை படபடத்தது. கடைசிப் பெட்டி போனபின் தன் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"நகத்துல மறைஞ்சிருந்துச்சு சார். அப்புறம் எட்டிப் பாத்துச்சு. அதுக்குள்ள போயிடுச்சு."